ஓட்டைக்குக் கூலி கிடையாது

டேப்பைச் சுருட்டு தம்பி. சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு முதலில் இப்படி உட்கார். சுவர் எங்கேயும் ஓடிவிடாது. ஓடினது போன வருஷத்துச் சுவர். இது புதுசு, நிற்கும்.

கீழே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாய். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாய். மேலே ஏறி வந்து மூச்சுக்கூட வாங்காமல் என்ன சொன்னாய்? "இந்த ஓட்டையெல்லாம் விட்டுட்டுத்தானுங்கம்மா அழகு கல்லு ஒட்டணும், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாய். இதே வார்த்தையை இதே வாசலில் நின்றுகொண்டு இன்னொருத்தன் சொன்னான். பேர் சகாயம். சகாயம் மேஸ்திரி. அவனால் என் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. அவள் கீழ்வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவன் குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கால்மேல் கால் போட்டுப் பன் தின்கிறான். இது நியாயமா? நீ சொல். வேண்டாம், நான் முடித்த பிறகு சொல்.

நான் படித்தவள் இல்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை. சிறுமுகையிலிருந்து காரட் கழுவும் கூலியாக இந்த மலை ஏறினவள். இன்றைக்கு மார்க்கெட்டில் 'காரட் மயிலாத்தா' என்று கேட்டுப் பார், கடைக்குக் கூட்டிக்கொண்டே வந்து விடுவார்கள். எனக்கு வாத்தியார் யார் என்கிறாய்? சாக்கு மூட்டை. முதன்முதலாய் நான் சொந்தமாய்ச் சரக்கு எடுத்தபோது ஒரு வியாபாரி, "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தாயி, மூட்டையைப் பிரிக்காதே, காத்துப் பட்டா வாடிடும்" என்றான். வாய்க்கட்டில் இரண்டு கை நல்ல காரட். அடியில் முழுக்க அழுகல். அன்றைக்குப் படித்துக்கொண்டேன். 'உன் நல்லதுக்கு' என்று ஒருத்தன் வாயைத் திறந்தால், மூட்டையின் அடியில் கையை விட வேண்டும்.

அப்படிக் கையை விட்டு விட்டுச் சேர்த்த இடம்தான் இது. சரிவாய்க் கிடந்த காட்டை வாங்கி இரண்டு தட்டாய் வெட்டினேன். மேல்தட்டில் நான் வீடு கட்டினேன். கீழ்த்தட்டைத் தங்கச்சி தெய்வானைக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்று சொல்லிக் காட்டுகிறவள் இல்லை நான். கொடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு தட்டுக்கும் நடுவில் தடுப்புச் சுவர். என் வாசல் மண் அவள் கொல்லையில் சரியாமல் தாங்குவது அதுதான். தாங்கினால் போதுமா, பார்க்க ஒரு லட்சணம் வேண்டாமா? கருங்கல்லில் பாசி ஏறிக் கறுத்து, வரிசையாய்க் குழாய் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழாய்க்குக் கீழும் பச்சையாய் ஒரு வடு. சளி ஒழுகும் பிள்ளையின் மூஞ்சி கெட்டது. என் வீட்டிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கீழ்ரோட்டிலிருந்து பார்த்தால் என் வீட்டுக்கு முன்னால் அதுதான் தெரியும். தெய்வானைக்கு அடுப்படி ஜன்னலைத் திறந்தாலே அதுதான். ஆனால் அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவளுக்கு அழகு, அசிங்கம் எதுவும் கண்ணில் படாது.

அவளும் அவள் வீட்டுக்காரரும் வர்க்கி பிஸ்கட் சுட்டு விற்கிறவர்கள். விறகு அடுப்பு. செங்கல்லில் வளைவு கட்டி, சுவருக்கு முதுகு கொடுத்த மாதிரி கொல்லையில் வைத்திருந்தார்கள். விடிகிற நேரத்தில் முதல் தட்டு வெளியே வரும். அந்த வாசனை ஏறி என் படுக்கையறைக்குள் வந்து என்னை எழுப்பும். எழுந்ததும் நான் இந்தக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "ஏண்டி, இன்னைக்கும் கருக விட்டுட்டியா?" என்பேன். கருகியிருக்காது. இருந்தாலும் கேட்பேன். "உன் மூக்குத்தான் கருகியிருக்கு" என்பாள். அதுதான் எங்களுக்குக் காலை வணக்கம்.

போன வருஷம் என் மகள் நித்திலாவுக்கு ஈரோட்டில் சம்பந்தம் கூடியது. ஜவுளிக்காரர்கள். நிச்சயத்துக்கு இங்கேயே வருகிறோம், மலையையும் பார்த்த மாதிரி ஆச்சு என்றார்கள். எப்படி வருவார்கள்? கீழ்ரோட்டு வழியாகத்தான். காரை விட்டு இறங்கித் தலையை நிமிர்த்தினால் முதலில் எது தெரியும்? சொல். அந்தச் சளி மூஞ்சி தெரியும்.

சகாயத்தைக் கூப்பிட்டேன். வேலைக்காரன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வாய் மட்டும் முழத்துக்கு நீளம். கலர் கலராய்ப் படம் காட்டினான். சாம்பலும் மஞ்சளும் கலந்து வருமே, பட்டை பட்டையாய் ஒட்டுகிற கல், அதை எடுத்தேன். சதுர அடிக்கு இவ்வளவு என்றான். பாதி சொன்னேன். "அக்கா, பாதி விலைக்குக் கல்லு போட்டோவைத்தான் ஒட்ட முடியும்" என்றான். "ஒட்டு, உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி" என்றேன். இப்படியே ஏறி இறங்கி ஒரு நிலைக்கு வந்தோம். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"ஓட்டையைச் சுத்திக் கல்லை வெட்டி விட்டுடறேங்கக்கா."

"எதுக்கு விடணும்?"

"மண்ணு குடிக்கிற தண்ணி வெளியே வரணுமில்லீங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடைச்சா சுவரு வயிறு வீங்கிடும்."

'நல்லதுக்கு' என்றானா? என் கை மூட்டையின் அடிக்குப் போய்விட்டது. யோசித்துப் பார் தம்பி. சுவரை அளக்கும்போது ஓட்டையையும் சேர்த்துத்தானே அளக்கிறான்? கல் ஒட்டும்போது அந்த இடத்தில் கல் ஒட்ட மாட்டான். அத்தனை ஓட்டைக்கும் கல் மிச்சம், கூலி மட்டும் முழுசு. எப்படி இருக்கிறது கணக்கு? கேட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உள்ளங்கை அகல ஓட்டைக்கா இந்தப் பேச்சுப் பேசறீங்க?"

"உள்ளங்கையோ ஊரங்கையோ, ஓட்டைக்குக் கூலி கிடையாது. கல்லு ஒட்டின இடத்துக்குத்தான் காசு."

"அப்ப மொத்தமா ஒட்டிடட்டுமா? ஒரு ஓட்டை தெரியாம?"

"அதைத்தாண்டா முதல்லயிருந்து சொல்றேன்!"

கரண்டியைத் தூக்கிச் சாந்துச் சட்டிக்குள் எறிந்தான். "நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது" என்றான். "நான் எதுக்கு உன்னைக் கேக்கிறேன், நீ என்ன கலெக்டரா?" என்றேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். மறுநாள் குழாய் ஒவ்வொன்றையும் சுவர் மட்டத்துக்கு அறுத்தான். வாயில் சிமெண்டை வைத்து அடைத்தான். மேலே கல்லை ஒட்டினான்.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். அவன் நியாயமான மேஸ்திரியாய் இருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? "முடியாது போடி" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போனானா? ஒட்டினான். விஷம் என்று தெரிந்து ஊற்றிக் கொடுத்தவன் மேல் தப்பா, கேட்டவள் மேல் தப்பா?

இதற்கு நடுவில் தெய்வானை மேலே ஏறி வந்தாள். கையெல்லாம் மைதா. "அக்கா, குழாயை அடைக்கச் சொல்லாதே" என்றாள். ஒரு குழாய்க்குக் கீழே அவள் எப்போதும் வாளி வைத்திருப்பாள். தட்டுக் கழுவ, புதினாவுக்கு ஊற்ற. எனக்குப் புரிந்துவிட்டது, வாளித் தண்ணி போய்விடுமே என்ற கவலை.

"அவ்வளவுதானே? உனக்குத் தனியாக் குழாயே போட்டுத் தரேன். திருகினாத் தண்ணி" என்றேன்.

"தண்ணிக்கு இல்லக்கா. அது ஒழுகினாத்தான் எனக்குத் தைரியமா இருக்கு."

"ஒழுகிறதுல என்னடி தைரியம்? உன் கூரை ஒழுகினா இப்படித்தான் சந்தோஷப்படுவியா?"

மாவுக் கையைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் சொன்னபடி செய்தேன். அவள் கொல்லையில் எவர்சில்வர் குழாய், திருகினால் தண்ணீர். இப்படிச் செய்கிற அக்கா இந்தக் காலத்தில் யாருக்குக் கிடைக்கும்?

நிச்சயத்தன்று வந்து இறங்கினார்கள் ஈரோட்டுக்காரர்கள். சம்பந்தியம்மா தலையை நிமிர்த்தினவள் நிமிர்த்தினபடியே நின்றுவிட்டாள். "சுவரே இப்படின்னா வீடு எப்படி இருக்கும்!" என்றாள். அதற்கு முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றி, சினிமாக்காரன் மாதிரி. தெய்வானை வர்க்கித் தட்டோடு ஓரமாய் நின்றாள். அவளையும் இழுத்து நடுவில் நிறுத்தினேன். "சிரிடி, உன் வீட்டுச் சுவருக்குத்தான் பட்டுக் கட்டியிருக்கு" என்றேன். சிரித்தாள். சிரித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஐப்பசி வந்தது. இந்த மலையில் ஐப்பசி மழை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விட்டு விட்டுப் பெய்யாது, குத்தகை எடுத்த மாதிரி பெய்யும். தெய்வானை மறுபடி ஏறி வந்தாள்.

"அக்கா, ஒரு கல்லு தெறிச்சு விழுந்துச்சு."

"புதுக் கல்லு. செட்டாகுதுடி."

இன்னொரு நாள் வந்தாள். "அக்கா, அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில என் கை போகும். இப்ப விரல்தான் போகுது."

"உன் கை பெருத்திருக்கும். தினமும் வெண்ணெயும் டால்டாவும் பிசையறவ தானே."

தமாஷுக்குச் சொன்னது. அக்கா தங்கச்சிக்குள் இதுகூட இல்லையென்றால் எப்படி? அவள் பக்கம் ஒரு தப்பு இருக்கிறது, அதையும் நீ குறித்துக்கொள். அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். மெதுவாய்ச் சொன்னால் எனக்கு எப்படிக் காதில் ஏறும்? மண்டியில் நின்று நின்று எனக்குக் கத்தல்தான் பழக்கம்.

ஒருநாள் காலையில் விழுந்தது. முதல் தட்டு எடுத்து, அவளும் அவள் வீட்டுக்காரரும் அதை முன்பக்கக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு வாசனை வந்தது. கைப்பிடிச் சுவர்ப் பக்கம் வரத்தான் நான் எழுந்தேன். மலையே பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் என் வாசலில் பாதி இல்லை. கீழே பட்டைக் கல்லும் கருங்கல்லும் சேறுமாய் ஒரு குவியல். அதற்கு அடியில் அடுப்பு. சேற்றுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முந்தி என்றால் அவள் அங்கே குனிந்து நின்று தட்டு இழுத்துக்கொண்டிருப்பாள். அதை நான் நினைக்க மாட்டேன். நினைக்கச் சொல்லாதே.

படியில் உருண்டு விழாத குறையாய் ஓடினேன். அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் துணி. ஆளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் வாயில் என்ன வருகிறதோ அதுதானே வரும்? "நல்லவேளைடி, நிச்சயம் முடிஞ்சப்புறம் விழுந்துச்சு" என்றேன்.

ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை தம்பி! அதற்குப் போய் அவள் என்னைப் பார்த்தாள் பார், தெருவில் போகிற யாரையோ பார்ப்பது மாதிரி. உள்ளே போனாள். அவள் வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டினார். மத்தியானப் பஸ்ஸில் மேட்டுப்பாளையத்தில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு சுவர் விழுந்ததற்கு யாராவது ஊரை விட்டுப் போவார்களா? சொல்.

சகாயம் மண் அள்ள வந்தான். யார் கூப்பிட்டார்கள்? தானாக வந்தான், மண்வெட்டியோடு. குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடியைக் கெடுத்துட்டியேடா பாவி!"

"ஓட்டைக்குக் கூலி கிடையாதுன்னு சொன்னது யாருங்கக்கா?"

"சொன்னா? சொன்னா செஞ்சிருவியா? நான் சொன்னதை எல்லாம் கேக்கிற ஆளா நீ? ரேட்டைக் குறைடான்னு தொண்டை கிழியக் கத்தினேன், கேட்டியா? வெயிலுக்கு முன்னாடி வான்னு சொன்னேன், ஒருநாள் வந்தியா? ஓட்டையை அடைன்னு சொன்னது மட்டும் உன் காதுல தேனா விழுந்துச்சா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பதில் இல்லை பார்த்தாயா? அவனிடம் பதில் இருந்தால் சொல்லியிருப்பானே.

சரி. கோடையில் இந்தப் புதுச் சுவரைக் கட்டினேன். கோயமுத்தூர் இன்ஜினியர், வயசுப் பையன், பழையதைவிட இரட்டிப்புக் குழாய் வைத்தான். வாய்த்தகராறுக்கு எனக்குத் தெம்பு இல்லை, வைத்துத் தொலை என்றேன். தெய்வானைக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் எடுத்தார். "சுவர் ஆச்சு, வரச் சொல்லுங்க" என்றேன். பின்னால் அவள் ஏதோ சொன்னாள். அவர் அதை வாங்கி எனக்குச் சொன்னார்: "மேல ஒண்ணும் ஒட்டக் கூடாதாம். சுவரு வெறுமனே இருக்கணுமாம். ஈரம் எங்க இருக்கு, வெடிப்பு எங்க இருக்குன்னு கண்ணால பார்த்துக்கிட்டேதான் படுப்பாளாம்."

எப்படி இருக்கிறது? அக்காவை நம்ப மாட்டாள், கருங்கல்லை நம்புவாள். வெறும் சுவராம்! ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் 'காரட் மயிலாத்தா கை ஒடிஞ்சு போச்சு, சுவருக்குச் சட்டை போடக்கூட வக்கில்லை' என்று பேசுவானா மாட்டானா? கல்யாணமாகிப் போன மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரும்போது சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தால் நான் என்ன சொல்வேன்? அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். என் சுவர், என் காசு. அவள் வந்தால் வரட்டும், வராவிட்டால் மேட்டுப்பாளையத்து வெயிலில் வேகட்டும். எனக்கு என்ன வந்தது? காலையில் சும்மாவே விழிப்பு வருகிறது. எழுந்து இங்கே சாய்கிறேன். கத்துவதற்குக் கீழே ஆள் இல்லை. பூனைதான் படுத்திருக்கிறது. அதைப் போய் நான் என்ன கேட்பது?

இரு. கீழே இரும்பு கேட் திறக்கிற சத்தம் கேட்டதா?

குனியாதே, தலையை உள்ளே இழு. அவள்தான். அவள் வீட்டுக்காரர் பையோடு பின்னால் வருகிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறாள் பார், திருடி மாதிரி. இளைத்துவிட்டாள். என்ன செய்கிறாள்? குழாய்க்குக் கீழே கையை நீட்டுகிறாள். ஒழுகுகிறது. நேற்று மழைதானே, ஒழுகும். முகர்ந்து பார்க்கிறாள். எதற்கு முகர்கிறாள்? பன்னீரா வரும்? மேலே பார்க்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா!"

கேட்டாயா? கூப்பிட்டாள். நீ வாயைத் திறக்காதே.

"என்னடி?"

"உன் குளிக்கிற ரூம் தண்ணி இன்னும் இந்த மண்ணுக்குள்ளயேதான் இறங்குதா?"

"பின்ன, தலையில சுமந்துக்கிட்டா போவேன்? கட்டின நாள்லேர்ந்து அங்கதான் போகுது!"

"சோப்பு வாசனை வருது. அதைக் குழாய் போட்டு ரோட்டுச் சாக்கடையில சேத்து விடு. அதுக்கப்புறம்தான் நான் அடுப்புக்குச் செங்கல்லு இறக்குவேன்."

"வந்து நின்னதும் நிக்காததுமா அதிகாரத்தைப் பாரு! மேல வந்து ஒரு வாய் காப்பி குடிக்கத் தெரியலை, சாக்கடையைப் பத்திப் பேச வந்துட்டா!"

"யாரது பக்கத்துல? கல்லு ஒட்டற ஆளா?"

"காரட் லோடு பேச வந்த தம்பிடி!"

தலையை ஆட்டு. ஆட்டு என்கிறேன். போதும், கழன்று விழப்போகிறது.

செங்கல் இறக்குகிறேன் என்றாள், கேட்டாய் இல்லையா? உன் காதில் விழுந்ததா? எனக்கு மட்டும் கேட்ட பிரமை இல்லையே? சரி. எழுந்திரு தம்பி. இந்தச் சுவருக்குக் கல் ஒட்ட வேண்டாம். என்ன முழிக்கிறாய்? அவள் சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. யாரோ சொல்லி முடிவை மாற்றுகிறவள் இல்லை நான், மார்க்கெட்டில் கேட்டுப் பார். உன் ரேட்டு எனக்குக் கட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ரேட்டே சொல்லவில்லையா?

சொன்னாலும் கட்டாது, போ.